பக்கத்து அறையில் ஓர் ஆள்

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே மாநில அரசின் சமூக நலத்துறைக் கட்டடம் நிற்கிறது. அந்தக் கட்டடம் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை, அதனால் அதைத் திட்ட எனக்கு உரிமை இல்லை என்று என் அக்கா சொல்வாள். நான் திட்டத்தான் செய்வேன். முதல் மாடி குழந்தைகளுக்கு. இரண்டாவது மாடி பதினெட்டு வயதைத் தாண்டிய மாற்றுத்திறனாளிகளுக்கு. அதற்கு மேலே முதியோர், மனநலம், கணக்கு, இயக்குநர் என்று போய்க்கொண்டே இருக்கும். மனிதனுக்கு வரக்கூடிய கஷ்டங்களை எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து மாடி மாடியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கஷ்டம் வந்தால் இரண்டு மாடிக்கும் தனித்தனியாக நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டில் அடுப்பு எரிவது அப்படித்தான்.

அக்கா அந்த முதல் மாடிக்காக உழைத்தவள். ஆனால் சம்பளப் பட்டியலில் அவள் கிடையாது. வளர்ப்புத் தாய் என்று உரிமம் வைத்திருந்தாள். பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளை, துறை வேறு இடம் பார்க்கும்வரை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. அத்தான் கல்யாணமான கொஞ்ச வருடத்திலேயே இறந்துபோனார், பிள்ளை இல்லை. மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், எதிர்க் கட்டடத்து வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்தாள். படித்துவிட்டு நேராக மாடியேறிப் போய்விட்டாள். சாப்பாட்டுக் கூடை அவள் கையிலேயே போய்விட்டது. நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "என்னடா முழிக்கிற? நகல் எடு" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்து போயின. சில ஒரு வாரம், சில ஒரு வருடம். புதிதாக வந்த பிள்ளையிடம் அவள் முதல் நாள் எதுவும் கேட்க மாட்டாள். தூக்கிக் கொஞ்ச மாட்டாள், அழாதே என்றுகூடச் சொல்ல மாட்டாள். பிள்ளையை ஓர் அறையில் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு அது கல்நெஞ்சம் மாதிரித் தோன்றும். "ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும்டா. அழுது முடிச்சிட்டு அதுவா எழுந்து வரும்" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதுவாகத்தான் எழுந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான், அது பிறகு. வந்த அன்றைக்கு அவள் வாயில் இரண்டு மூன்று சொல்தான் இருந்தது. மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "ரெண்டு வாரம்தாங்க. அதுக்குள்ள சிறப்பு இல்லத்துல இடம் பாத்துடுவோம்" என்று முதல் மாடி மேடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷி, பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இடம் கிடைக்கவில்லை. வெகுநாள் கழித்துக் கிடைத்தபோது அக்கா அனுப்பவில்லை. அந்த இரண்டு வாரம் பன்னிரண்டு வருடமாக நீண்டது.

பேச்சு வந்ததும் அவள் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டாள். "மாமா, கை கழுவல." "அம்மா, கதவு தெறந்திருக்கு." சாயங்காலமானால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று வருவாள். கேஸ் மூடியிருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, என் சட்டையில் பொத்தான் எல்லாம் போட்டிருக்கிறதா. துறையிலிருந்து வீட்டைச் சோதனை போட வந்த அதிகாரியையே, நாற்காலியில் காலை ஆட்டுகிறார் என்று ஒரு முறை அதட்டினாள். அவர் காலை ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் நான் அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தேன். அவள் அதைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

அக்கா சொல்லிக்கொடுக்கிற விதமே தலைகீழ். சட்டைப் பொத்தான்களை எல்லாம் அவளே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விடுவாள். அது கைவந்ததும் கடைசி இரண்டு. இப்படியே போய் ஒருநாள் முழுச் சட்டையும் பிள்ளையுடையதாகிவிடும். டீ போடக் கற்றுக்கொடுத்தபோது முதல் வருடம் முழுக்க அடுப்பை அணைக்க மட்டுமே விட்டாள், பற்றவைக்க விடவில்லை. "முடிக்கிறது எப்பவும் அவ கையால இருக்கணும். அப்பத்தான் நாம செஞ்சோம்னு இருக்கும்" என்பாள். புதிதாக ஒன்று கற்றுக்கொண்ட நாளில் இன்ஸ்பெக்டர் என் கடைக்கு வந்து ஷட்டரை இழுத்து மூடலாம். அந்தச் சத்தம் அவளுக்கு உயிர். பல நாள் வியாபாரம் முடியுமுன்பே கடை மூடப்பட்டது, எனக்கு நஷ்டம்தான்.

முதல் மாடி மேடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தவுடன் ஒரே கேள்விதான் கேட்பார். "என்ன புதுசா கத்துக்கிட்டா?" அக்கா ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொல்வாள். மேடம் கைதட்டுவார், முன்னேற்ற அறிக்கையில் எழுதிக்கொள்வார். இன்ஸ்பெக்டர் அவரையும் சேர்த்து ஒரு சுற்றுப் பார்த்து அனுப்பிவைப்பாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அதுதான். கற்றுக்கொண்டால் கைதட்டு, செய்துகாட்டினால் சந்தோஷம்.

ஒன்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. தனியாக இருக்க வரவில்லை. ஒருநாள் அக்கா காலையில் வெளியே போனவள், பஸ் ஓடாமல் சாயங்காலம்தான் திரும்பினாள். தட்டில் போட்டு வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. பிள்ளை சமையலறை நடுவில், காலையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. பாவாடை நனைந்திருந்தது. அக்கா நேராகப் பக்கத்து அறைக்குப் போய்ப் பையை வைத்தாள், அலமாரியைத் திறந்து மூடினாள். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஊட்ட வேண்டாம், பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார வேண்டாம். காதுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மனித ஜீவன் இருக்க வேண்டும். ரேடியோவை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தோம். ரேடியோவிடம் ஏமாற அவள் தயாராக இல்லை.

தத்தெடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். பெற்றவள் எங்கோ உயிரோடு இருந்தாள். விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போடவும் வரவில்லை, போட மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. அதனால் சட்டப்படி பிள்ளைக்குக் காப்பாளர் துறைதான். அக்கா வெறும் வீடு. பதினெட்டு முடிந்தால் பிள்ளையின் ஃபைல் ஒரு மாடி ஏறும். அதன் பிறகு அவள் எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டாவது மாடி முடிவுசெய்யும்.

அங்கே மூன்று வழி உண்டு. அதிக உதவி தேவைப்பட்டால் நர்ஸ்கள் இருக்கிற இல்லம். நடுத்தரமாக உதவி தேவைப்பட்டால் ஒரு குடும்பத்தோடு இருக்கலாம், அக்கா அதற்குத்தான் விண்ணப்பம் போட்டாள். குறைந்த உதவி போதும் என்றால், தனித்து வாழப் பயிற்சி கொடுக்கிற இல்லம். எது என்பதை முடிவு செய்ய மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று கடிதம் வந்தது.

அக்கா அந்த நாளுக்கு வீட்டையே புரட்டிப்போட்டாள். இன்ஸ்பெக்டருக்குப் புதுச் சட்டை. பன்னிரண்டு வருட முன்னேற்ற அறிக்கைகளை நானே கலரில் நகல் எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டையும் வைத்துக் கொடுத்தேன். எங்களுக்குத் தெரிந்த பரீட்சை அதுதான். என்னென்ன தெரியும் என்று காட்டினால் நல்ல பெயர் வரும், நல்ல பெயர் வந்தால் பிள்ளையை நம்மிடமே விடுவார்கள். வேறு மாதிரி நினைக்க எங்களுக்குக் காரணமே இருக்கவில்லை.

வந்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், கையில் டேப்லெட். இன்ஸ்பெக்டர் அவரை நாற்காலியில் நேராக உட்கார வைத்தாள். பொத்தான் போட்டாள். செருப்பு வார் கட்டினாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் சரிபார்த்தாள். பஸ் நம்பர் சொன்னாள், சில்லறை எண்ணினாள். மதிப்பீட்டாளர் டீயைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றார். அன்றைக்கு மத்தியானமே அவள் என் ஷட்டரை இழுத்தாள். அக்கா முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் அவள் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

பதில் வந்தது. குறைந்த உதவி போதும், தனித்து வாழும் பயிற்சி இல்லத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊரின் அந்தக் கோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். தனி அறை, பொதுச் சமையலறை, பகலில் மட்டும் ஒரு மேற்பார்வையாளர்.

அக்கா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். துணைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அதே இளைஞர்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நல்ல விஷயம்தானேம்மா? நெறையப் பேரு இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அவ தனியா இருந்தா சாப்பிட மாட்டா சார்."

"சாப்பிடத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப தெரியும்னுதாம்மா நான் போட முடியும்."

"பக்கத்து ரூம்ல ஆள் இருந்தாத்தான் செய்வான்னு எழுதுங்க சார். அது ஒண்ணு போதும்."

அவர் டேப்லெட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் நேரே மூன்று கட்டம். தானாகச் செய்கிறார், உதவியுடன் செய்கிறார், செய்ய இயலாது. "உதவின்னா தொட்டு உதவணும், இல்லன்னா சொல்லி உதவணும். பக்கத்து ரூம்ல இருக்கிறது உதவிக்குள்ள வராதும்மா" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

இறங்கும்போது முதல் மாடி மேடம் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஃபைல் அவர் கையை விட்டுப் போய்விட்டது, பேச உரிமை இல்லை. "எல்லாத்தையும் ஏங்க காட்டுனீங்க? நாங்க என்ன தெரியும்னு கேப்போம். அவங்க என்ன தெரியாதுன்னு கேப்பாங்க" என்றார். அதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் எகிறினேன். அவருக்கும் இப்போதுதான் தெரியும். அத்தனை வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர், ஒரு தடவைகூட இரண்டாவது மாடிப் படிவத்தைப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மறுமதிப்பீடு கேளுங்க. அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் வரலன்னா நல்லது" என்றார்.

அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள்தானே, கொஞ்ச நேரம்தானே, நடிக்கச் சொல் என்றேன். "பிள்ளைய மக்குன்னு சொல்லச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தாள். ஆனால் இல்லத்துக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஒரு காலையில் இன்ஸ்பெக்டரை எதிரே உட்காரவைத்து, "டீ போடுன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும், என்ன?" என்றாள்.

முதலில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. தெரியாது, தெரியாது என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே ஓடிப்போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா அந்த டீயை வாங்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார் என்றாள். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கைதட்டிக்கொண்டிருந்தவள், இப்போது செய்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், செய்யாவிட்டால் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சாயங்காலச் சுற்றையும் நிறுத்திவிட்டாள். விடிந்ததும் எழுந்து, யாரும் பார்க்காதபோது சட்டைப் பொத்தான்களை எல்லாம் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்ப்பாள். பிறகு அக்காவிடம் வந்து ரகசியமாக, "தெரியும்மா. இன்னும் தெரியுது" என்பாள். அதை என்னிடம் சொன்னபோது அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

மறுமதிப்பீட்டு நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். மதிப்பீட்டாளர் ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். "இதுக்குப் பட்டன் போடுங்க பாப்பம்." இன்ஸ்பெக்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னொரு முறை கேட்டார். விரல்கள் மட்டும் அசைந்தன, அவளே ஒரு கையால் மற்றதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் தனக்குள் முணுமுணுத்தபடி பதிந்தார்: "செய்ய இயலாது." அது அவள் காதில் விழுந்துவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு கோணியது, கண் நிறைந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் கைகூடி வந்திருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேசிவிடாதே என்று.

"பண்ணும்மா" என்றாள் அக்கா. "உனக்குத் தெரிஞ்சத எல்லாம் பண்ணிக் காட்டு."

பிறகு யாராலும் அவளை நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பொத்தானைப் போட்டாள். மதிப்பீட்டாளருடைய ஷூ லேசை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். கேட்காததை எல்லாம் செய்தாள். வீட்டைக் கூட்டினாள், துணியை மடித்தாள், எல்லாருக்கும் டீ போட்டாள், எனக்குச் சர்க்கரை கூடாது என்பதைக்கூட மறக்கவில்லை. மதிப்பீட்டாளர் கைதட்டினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அக்கா கடைசியாக ஒன்று முயன்று பார்த்தாள். "சார், நான் இருக்கிறதாலதான் செய்யுறா. நானும் தம்பியும் வெளியே போயிடுறோம். தெரு முனை வரைக்கும் போறோம். அப்புறம் பாருங்க, கை கால் ஓடாது அவளுக்கு." அவர் சம்மதித்தார். நாங்கள் இறங்கிப்போய்த் தெரு முனையில், டயருக்குக் காற்றடிக்கிற கடை வாசலில் நின்றோம். அந்த நேரத்தில், பெற்றவள் மாதிரி வளர்த்தவள், தன் பிள்ளை நின்ற இடத்தில் நின்றபடியே நனைந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றாள். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு வேண்டுதல் வரக்கூடாது.

அவர் படியிறங்கிச் சிரித்த முகத்தோடு வந்தார். "நீங்க இல்லாமலும் எல்லாம் அருமையா செஞ்சாங்கம்மா. நீங்க கவலையே படாதீங்க."

அக்கா அவரையே பார்த்தாள். "நீங்க இருந்தீங்களே சார்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க அக்காவிடம் தெம்பும் இல்லை. பிள்ளை தனியாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும். அதற்கு எந்த மாடியில் போய் மனு கொடுப்பது?

வேன் வந்து ஏற்றிப் போன நாளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் அழவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். நன்றாகச் செய்து காட்டியதற்குப் பரிசாக எங்கோ அழைத்துப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, டிரைவரைச் சீட் பெல்ட் போடச் சொல்லி அதட்டிவிட்டு ஏறினாள். அக்கா அந்த மாதமே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முதல் மாடி மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு சின்னப் பிள்ளை வந்திருக்கிறது, நாலு நாளைக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். "எனக்குக் கத்துக்கொடுக்கத்தான் தெரியும் மேடம். இனிமே எதைக் கத்துக்கொடுக்க?" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். இப்போது என் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதத்தை வாங்கி நேராக்கி என்னிடம் நீட்டுகிறாள். முதல் மாடிக்குப் போகிற இளம் தாய்மார் யாராவது வந்தால், எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

பழகும்வரை வீட்டார் வரக்கூடாது என்று இல்லத்தில் ஒரு விதி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம், வெளியே அழைத்துப்போகக் கூடாது. முதல் ஞாயிறு போனபோது அவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. அறை சுத்தமாக இருந்தது. மேற்பார்வையாளர் அம்மா நல்லவிதமாகவே பேசினார். தட்டை எடுத்துக்கொண்டு கீழே துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விடுகிறாளாம். எந்த நேரமும் யாராவது மெஷினில் துணி போட வருவார்கள், அவர்கள் இருக்கிற வரைக்கும் சாப்பிடுகிறாளாம், போய்விட்டால் தட்டை வைத்துவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருக்கிறாளாம். அதை மாத அறிக்கையில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் காட்டினார்: "துணி துவைப்பதில் ஆர்வம் காட்டுகிறார்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் அவளை விட்டு நகரவில்லை, ஆனால் மடியில் விழவும் இல்லை. வேலை இருக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். காய் நறுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாளாம். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கிறாள். "நல்லா பண்றேன்ல?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். "நல்லா பண்றடா கண்ணு" என்று அக்கா ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் காட்டி முடித்த பிறகு அவள் கொஞ்ச நேரம் அக்கா முகத்தையே பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்று தெரிந்தது, எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"இன்னும் எதம்மா கத்துக்கணும், வீட்டுக்கு வர?"

இங்கே வந்த பிறகு அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குக் கேட்டதும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டோம், அதனால் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் சரியாகக் கற்றுக்கொண்டால் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"இஸ்திரி தெரியாது எனக்கு" என்றாள், தானே கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி. "இஸ்திரி கத்துக்கிட்டா?"

அக்கா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. என்னாலும் முடிந்திருக்காது.

"கத்துக்கோம்மா" என்றாள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது, இன்ஸ்பெக்டர் இஸ்திரி போட்ட துணிகளை எல்லாம் பைக்குள் அடுக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றிருந்தாள்.